பள்ளியைப் பாதியில் விட்டவருக்கு ஒரு பரீட்சை
கம்ப்யூட்டர் வழிப் பாடங்களை எடை போடுவது எப்படி?

கோடீசுவரர் ஒருவர் பள்ளிக்கூட மாணவர்களோடு நின்று சான்றிதழ் வாங்கினார் என்றால் நம்புவீர்களா? 1993-ல் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் அப்படித்தான் நடந்தது. அவர் பெயர் டேவ் தாமஸ். 'வென்டீஸ்' என்ற உணவுக் கடைகளை ஆரம்பித்து நாடெங்கும் பரப்பியவர். பதினைந்து வயதில் படிப்புக்கு முழுக்குப் போட்டுவிட்டு ஓட்டல் வேலைக்குப் போனவர்.

பணம் குவிந்த பிறகு அவருக்கு ஒரு கவலை பிடித்துக் கொண்டது. "படிக்காமலே இவர் பணக்காரர் ஆகிவிட்டாரே, நமக்கு எதற்குப் பள்ளிக்கூடம்?" என்று சிறுவர்கள் நினைத்துவிட்டால்? அறுபது வயதை எட்டிய மனிதர் மீண்டும் புத்தகத்தை எடுத்தார். பரீட்சை எழுதினார். தேறினார். கோகோநட் கிரீக் பள்ளி மாணவர்கள் அவரைத் தங்கள் வகுப்பில் சேர்த்துக் கொண்டு, 'வருங்காலத்தில் முன்னுக்கு வரக் கூடியவர்' என்ற பட்டத்தையும் கொடுத்தார்கள். குறும்பு யாரை விட்டது!

அவர் எழுதிய பரீட்சையின் பெயர் ஜி.இ.டி. உயர்நிலைப் பள்ளியை முடிக்காதவர், முடித்தவருக்குச் சமம் என்று காட்டும் பரீட்சை. இதைப் பெற்றெடுத்தது யுத்தம். இரண்டாம் உலக யுத்தத்தின்போது படிப்பைப் பாதியில் விட்டுப் பட்டாளத்துக்குப் போன வாலிபர்களுக்காக 1942-ல் இதைத் தயாரித்தார்கள். ஊர் திரும்பிய சிப்பாயை மறுபடி சின்னப் பையன்களோடு பெஞ்சில் உட்கார வைக்க முடியுமா? 1947-ல் நியூயார்க் மாநிலம் சாதாரண ஜனங்களுக்கும் கதவைத் திறந்து விட்டது. மற்ற மாநிலங்களும் பின்தொடர்ந்தன.

ரூத் ஆன் மின்னர் என்ற அம்மையாரின் கதை இன்னும் உருக்கமானது. பண்ணை வேலைக்காகப் பதினாறு வயதில் படிப்பை நிறுத்தியவர். முப்பத்திரண்டு வயதில் கணவரை இழந்தார். கையில் மூன்று பிள்ளைகள். அந்த நிலையில் இந்தப் பரீட்சையைத் தேறினார். 2001-ல் டெலாவேர் மாநிலத்தின் முதல் பெண் கவர்னராகப் பதவி ஏற்றார்.

2014-ல் பரீட்சை அடியோடு மாறியது. காகிதமும் பென்சிலும் போய்க் கம்ப்யூட்டர் வந்தது. ஐந்து தாள் நான்காகச் சுருங்கியது: கணக்கு, மொழி, சமூக இயல், விஞ்ஞானம். பழைய முறையில் சில தாள்களை மட்டும் தேறி வைத்திருந்தவர்கள் 2013 முடிவதற்குள் பாக்கியையும் முடித்தாக வேண்டும். தவறினால் தேறியதும் வீண் என்று அறிவித்துவிட்டார்கள். எத்தனை பேர் தூக்கத்தைத் தொலைத்திருப்பார்கள்!

கம்ப்யூட்டர் பரீட்சை வந்ததும் கம்ப்யூட்டர் வகுப்புகளும் முளைத்தன. "வீட்டிலிருந்தே படியுங்கள்! சில வாரங்களில் சான்றிதழ்!" என்று விளம்பரங்கள் கூவுகின்றன. பகலில் ஓட்டலில் மேஜை துடைத்துவிட்டு, இரவில் குழந்தையைத் தூங்க வைத்துவிட்டுப் படிக்க உட்காரும் ஒரு தாய்க்கு இது வரப்பிரசாதம்தான். ஆனால் அவளிடம் இருப்பதோ கொஞ்சம் பணம், அதைவிடக் கொஞ்சம் நேரம். இரண்டையும் யாரிடம் ஒப்படைப்பது?

சான்றிதழ் வியாபாரிகள்

முதலில் தள்ள வேண்டிய ரகம் ஒன்று உண்டு. பாடம் சொல்லித் தருவதாகச் சொல்லிக் கொண்டு சான்றிதழையே விற்பவர்கள். தாங்களே கேள்வி போட்டு, தாங்களே மார்க் போட்டு, தாங்களே டிப்ளமா அச்சடித்து அனுப்புவார்கள். காலேஜுக்கோ வேலைக்கோ கொண்டு போனால் அது செல்லாக் காசு. 2014-ல் புளோரிடாவிலிருந்து இப்படி வியாபாரம் செய்தவர்கள் மேல் அமெரிக்க மத்திய வர்த்தகக் கமிஷன் வழக்குப் போட்டது. ஒரு டிப்ளமாவுக்கு 200 முதல் 300 டாலர் வரை வாங்கியிருந்தார்கள். இப்படி வசூலான தொகை 1 கோடியே 10 லட்சம் டாலருக்கு மேல்! ஏமாந்தவர்கள் யார்? படிக்க வேண்டும் என்று ஆசைப்பட்ட ஏழைகள்.

பாடம் கற்பிப்பது ஓரிடம், பரீட்சை நடத்துவது வேறிடம். இரண்டையும் ஒரே மூச்சில் முடித்துத் தருகிறேன் என்பவரிடம் பேச்சே வேண்டாம்.

ஊருக்கு ஊர் பரீட்சையும் வேறுபடும். 2014-ல் 'ஹைசெட்' என்றும் 'டாஸ்க்' என்றும் போட்டிப் பரீட்சைகள் வந்தன. சில மாநிலங்கள் ஜி.இ.டி.யை விட்டுவிட்டு அவற்றுக்கு மாறின. 'டாஸ்க்' 2021-ஓடு மூடு விழாக் கண்டது. தன் மாநிலம் எதை ஏற்கிறது என்று கேட்காமல் பாடத்துக்குப் பணம் கட்டுவது, ரயில் எந்த ஊருக்குப் போகிறது என்று கேட்காமல் டிக்கெட் எடுப்பது போல.

சரக்கு புதியதா?

நேர்மையான பாடங்களிலும் தரம் உண்டு, தராதரம் உண்டு. பழைய சரக்கைப் புது டப்பாவில் அடைத்து விற்பவர்கள் ஏராளம். கண்டுபிடிப்பது கஷ்டமே இல்லை. ஐந்து தாள் என்று பாடம் பிரித்திருந்தால் அது 2014-க்கு முந்தியது. சமூக இயலில் கட்டுரை எழுதப் பழக்கினால் 2016-க்கு முந்தியது. அந்த ஆண்டில்தான் அந்தக் கட்டுரையை எடுத்தார்கள். தேற 150 மார்க் வேண்டும் என்று பயமுறுத்தினாலும் அப்படித்தான். அதே ஆண்டில் அது 145 ஆகக் குறைந்தது. ஒவ்வொரு தாளுக்கும் மார்க் 100-ல் ஆரம்பித்து 200-ல் முடிகிறது என்பது ஒரு வேடிக்கை.

பெரும்பாலோர் தடுக்கி விழும் இடம் கணக்குத்தான். 115 நிமிஷம். முதல் ஐந்து கேள்விகளுக்குக் கால்குலேட்டர் கிடையாது, பிறகு உண்டு. கன அளவு, வர்க்கச் சமன்பாடு முதலிய சூத்திரங்களை அச்சிட்டு அவர்களே தந்துவிடுகிறார்கள். ஆகவே கூம்பின் கன அளவுக்கு என்ன சூத்திரம் என்று வாரக் கணக்கில் நெட்டுருப் போடச் சொல்லும் வாத்தியார், கம்ப்யூட்டருக்குள் இருந்தாலும் வெளியே இருந்தாலும், நேரத்தைக் கொல்கிறார். சூத்திரத்தை எங்கே போடுவது என்று காட்டுபவரே வேண்டும். கேள்விகளில் பாதிக்கு மேல், நூற்றுக்கு 55 பங்கு, அல்ஜீப்ரா. சில பாடங்கள் கூட்டல், கழித்தல், பின்னம், சதவீதம் என்று இனிக்க இனிக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டு, அல்ஜீப்ரா வந்ததும் நாலு பக்கத்தில் ஓடிவிடுகின்றன. வாங்குமுன் அந்த அத்தியாயத்தைத்தான் முதலில் திறந்து பார்க்க வேண்டும்.

மொழித் தாளில் ஒரு கட்டுரை உண்டு. 45 நிமிஷம். ஒரே விஷயத்தைப் பற்றி இருவர் எதிரும் புதிருமாக எழுதியிருப்பார்கள். யாருடைய வாதத்துக்குச் சான்று பலமாக இருக்கிறது என்று எடுத்துக் காட்ட வேண்டும். "எனக்கு இவர் சொல்வதுதான் பிடிக்கிறது" என்று எழுதினால் மார்க் தேறாது. திருத்துவதும் கம்ப்யூட்டர்தான்! வெறும் 'சரியான விடையைத் தேர்ந்தெடு' கேள்விகளை ஆயிரக் கணக்கில் அடுக்கி வைத்திருக்கும் பாடம் இதற்கு உதவாது. எழுதியதை வாங்கிப் பார்த்து, "இங்கே சான்று எங்கே?" என்று கேட்க ஒரு மனிதர் வேண்டும். டைப் அடிக்கும் பழக்கமும் வேண்டும். இதை விளம்பரத்தில் யாரும் சொல்வதில்லை.

சமூக இயலில் பாதி சிவிக்ஸ், அதாவது சர்க்கார் நடக்கும் முறை. சரித்திரம் ஐந்தில் ஒரு பங்குதான். ஜனாதிபதிகளின் பெயரையும் வருஷத்தையும் ஒப்பிப்பதில் பயனில்லை. விஞ்ஞானத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். படமும் பட்டியலும் கொடுத்துக் கேட்பார்கள். நிதானமாகப் படிக்கத் தெரிந்தால் போதும்.

"தேறாவிட்டால் பணம் வாபஸ்" என்ற வாக்குறுதியைக் கண்டு மயங்க வேண்டாம். கீழே பொடி எழுத்தில் என்ன போட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். மாதா மாதம் தானாகவே பணம் எடுக்கும் ஏற்பாடு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். படிப்பு நின்ற பிறகும் கட்டணம் நிற்காமல் ஓடினால் யாரைக் கேட்பது? இத்தனைக்கும் அமெரிக்காவின் பொது நூலகங்களிலும், சர்க்கார் உதவி பெறும் முதியோர் கல்வி வகுப்புகளிலும் பல இடங்களில் இதே பாடம் இலவசமாகக் கிடைக்கிறது. நியூயார்க் மாநிலத்தில் பரீட்சைக்கே கட்டணம் இல்லை.

இவ்வளவு பாடுபட்டு வாங்கும் சான்றிதழுக்கு மதிப்பு என்ன? ஜேம்ஸ் ஹெக்மன் என்ற பொருளாதாரப் பேராசிரியர், 2000-ல் நோபல் பரிசு பெற்றவர், இந்தக் கேள்வியை விடாமல் துருவினார். இப்பரீட்சையில் தேறியவர்களின் சம்பளம் பள்ளியை முடித்தவர்களின் சம்பளத்துக்குச் சமமாக இல்லை என்று 1993-லேயே சக ஆய்வாளருடன் எழுதினார். அறிவில் குறைவில்லை; தினமும் நேரத்துக்கு வந்து, எடுத்த காரியத்தை விடாமல் முடிக்கும் பழக்கத்தைப் பரீட்சை அளப்பதில்லை என்பது அவர் கட்சி. கசப்பான பேச்சு. ஆனாலும் காலேஜ் வாசலையும், சர்க்காரின் படிப்பு உதவித் தொகையையும் இந்தக் காகிதம் திறந்து விடுகிறது என்பதை மறுக்க முடியாது. ஒரு பாடம் நல்லதா என்பதற்கும் ஹெக்மன் சொன்னதில் குறிப்பு இருக்கிறது. நாள் தவறாமல் மாணவரைத் திரும்ப வரவழைக்கிறதா? ஒரு வாரம் காணாவிட்டால் "எங்கே போனீர்கள்?" என்று விசாரிக்க ஆள் இருக்கிறதா?

எந்தப் பாடத்தையும் சோதிக்க ஓர் உரைகல் இருக்கிறது. பரீட்சையை நடத்துகிறவர்களே சிறு கட்டணத்துக்கு ஒரு மாதிரிப் பரீட்சை தருகிறார்கள். 145 அல்லது அதற்கு மேல் வந்தால் பச்சை, 134 முதல் 144 வரை மஞ்சள், அதற்குக் கீழே சிவப்பு. பாடம் ஆரம்பிக்குமுன் ஒரு தடவை, இரண்டு மாதம் கழித்து ஒரு தடவை எழுதிப் பார்த்தால், விளம்பரம் சொன்னது எவ்வளவு, கற்றது எவ்வளவு என்பது வெளிச்சமாகிவிடும்.

2020 முதல் வீட்டில் உட்கார்ந்தே அசல் பரீட்சையை எழுதவும் பல மாநிலங்களில் வழி உண்டு. அதற்குப் பச்சை வாங்கியிருக்க வேண்டும். தவிர, கம்ப்யூட்டரின் காமிரா வழியாக ஒரு கண்காணிப்பாளர் பார்த்துக் கொண்டே இருப்பார். அறைக் கதவு மூடியிருக்க வேண்டும். வேறு யாரும் உள்ளே வரக் கூடாது. சின்னக் குழந்தைகள் ஓடி விளையாடும் வீட்டில் இது நடக்கிற காரியமா? அப்படிப்பட்டவர்கள் அன்று ஒரு நாள் குழந்தையை அக்கம் பக்கத்தில் விட்டுவிட்டுப் பஸ் ஏறிப் பரீட்சை நிலையத்துக்கே போய்விடுவதுதான் உத்தமம்.