0.12 மில்லிமீட்டர் விலகல்

மரக்காணம் உப்பளக் காற்றில் எந்த இரும்பும் ரொம்ப நாள் இரும்பாக இருக்காது. உப்புநீர் இறைக்கும் மோட்டாரும் அப்படித்தான். சீல் வழியே ஈரம் புகுந்து, கிரீஸ் கெட்டு, பேரிங்கில் குண்டு ஓடும் பாதை அரித்துப்போனால், ரோட்டார் நடுவில் நிற்காது.

ஸ்டேட்டருக்கும் ரோட்டாருக்கும் இடையே 0.4 மி.மீ. காற்றிடைவெளி என்று வைத்துக்கொள்வோம். ரோட்டார் 0.12 மி.மீ. விலகினால் ஒரு பக்கம் 0.28, எதிர்ப்பக்கம் 0.52. காந்தப்புலம் இடைவெளிக்குத் தலைகீழ் விகிதம், இழுவிசை அதன் வர்க்கம். ஆக, நெருங்கிய பக்கம் கிட்டத்தட்ட மூன்றரை மடங்கு பலமாக இழுக்கும். ஏற்கெனவே நொந்த பேரிங் இன்னும் நசுங்கும்.

வைண்டிங்கின் தூண்டலுக்கு (இண்டக்டன்ஸ்) என்ன ஆகும்? குறையும் என்றுதான் தோணும். ஆனா கூடுது! தூண்டல் இடைவெளியின் தலைகீழைப் பொறுத்தது. நெருங்கிய பக்கத்தில் கிடைக்கும் லாபம், விலகிய பக்கத்து நஷ்டத்தைவிட அதிகம். விலகல் விகிதம் 0.3 என்றால், சுற்று முழுக்கச் சராசரியாக 5% உயர்வு. 0.5 என்றால் 15%. (இரும்பு செறிவடைவதை இங்கே கணக்கில் எடுக்கவில்லை.)

சிக்கல் என்னன்னா, நான்கு துருவ மோட்டாரில் ஒரு ஃபேஸின் காயில்கள் வட்டம் முழுக்கப் பரவி, தொடரிணைப்பில் இருந்தால், ஒரு காயிலில் கூடியது எதிர்க்காயிலில் குறைந்து பெரும்பாலும் சரிக்கட்டிவிடும். மூன்று ஃபேஸும் ஏறக்குறைய ஒன்றுபோலவே உயரும். கிளாம்ப் மீட்டர் வைத்தால் மூன்று ஆம்பியரும் சமம். மோட்டார் நல்லாத்தான் இருக்குன்னு அனுப்பிடுவாங்க.

விலகலில் இரண்டு வகை. நெருங்கிய இடம் ஸ்டேட்டரில் ஒரே பக்கம் நின்றால் நிலை விலகல். பேரிங் உட்காரும் இடம் தேய்ந்தால் வருவது. அப்போது ரோட்டார் கம்பிகளின் தூண்டல் ஒவ்வொரு சுற்றிலும் ஏறி இறங்கும். ஷாஃப்ட் வளைந்து நெருங்கிய இடம் ரோட்டாரோடு சேர்ந்து சுற்றினால் இயங்கு விலகல். அதில் ரோட்டார் கம்பிகளுக்கு மாற்றம் தெரியாது, ஸ்டேட்டர் காயில்களுக்குத்தான் தெரியும். நிஜ மோட்டாரில் இரண்டும் கலந்தே இருக்கும். அந்தக் கலவை மின்னோட்டத்தில் தடம் விடும்: 50 ஹெர்ட்ஸ் சப்ளையில் நிமிடத்துக்கு 1440 சுற்று, அதாவது நொடிக்கு 24. அலைவரிசையைப் பிரித்துப் பார்த்தால் 26, 74 ஹெர்ட்ஸில் சின்ன முளைகள்.

இதைக் கணக்கிடப் பழைய வைண்டிங் ஃபங்ஷன் முறை போதாது. அது சீரான இடைவெளிக்கு எழுதப்பட்டது. விலகலுக்கு அப்படியே போட்டால் 'அ'வுக்கும் 'ஆ'வுக்கும் உள்ள பரிமாற்றத் தூண்டல், 'ஆ'வுக்கும் 'அ'வுக்கும் உள்ளதோடு ஒத்துப்போகாது. இயற்பியலில் அது நடக்காத காரியம். 1998-ல் அல்-நுவைமும் டோலியத்தும் வெளியிட்ட திருத்திய முறை, சராசரி எடுக்கும்போது இடைவெளியின் தலைகீழை எடையாகச் சேர்த்து இதைச் சரிசெய்தது. அவர்கள் எழுதியது சிங்க்ரனஸ் எந்திரத்துக்கு; இண்டக்ஷன் மோட்டாருக்கும் அதே கணக்கு பொருந்தும்.

உப்பளத்துக்காரருக்கு இதில் பணம் இருக்கிறது. ரோட்டார் உரசி எரிந்த மோட்டாரைக் கடையில் புதுசா காயில் கட்டி வாங்குகிறார்கள். பேரிங் உட்காரும் இடத்தை அளந்து பார்க்காமல் மாட்டினால், மழைக்கு முன்னாடியே மறுபடி அதே கடைதான். கட்டக் கொடுக்கும்போதே எண்ட் கவரையும் கையோடு கொண்டுபோய் அளக்கச் சொல்லுங்கள்.