துருப்பிடித்த புல்லட்டை ஓட வைக்கலாம்; தேய்ந்த நம்பரை ஓட வைக்க முடியாது!

பழைய மோட்டார் சைக்கிள் வாங்குகிறவர்களே, உஷார்!

தாத்தா ஓட்டிய புல்லட் ஒன்று கொல்லையில் துருப்பிடித்துக் கிடக்கிறது. அல்லது காயலான் கடையில் ஒன்று கண்ணில் பட்டு, மனசு அதையே சுற்றிச் சுற்றி வருகிறது. "நாமே பிரிப்போம், நாமே மாட்டுவோம், ஒரு நாள் ரோட்டில் ஓட்டிக் காட்டுவோம்" என்று ஆசை.

ஆசையில் தப்பு இல்லை. திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி பக்கத்துக்காரர்களுக்கு இதற்குத் தோதான வசதிகளும் உண்டு. ஆனால் ஸ்பானரைத் தூக்கும் முன்பு செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அதைச் செய்யாமல் இறங்கினால் பணமும் போகும், வண்டியும் போகும். போலீஸ் நிலையப் படி ஏறவும் நேரலாம்.

பக்கத்து ஊர்ப் பிள்ளை

சென்ட்ரலில் இருந்து கும்மிடிப்பூண்டிக்குப் போகும் மின்சார ரயில் திருவொற்றியூர் வழியாகத்தான் போகிறது. இந்தியப் புல்லட் பிறந்த ஊர் அதுதான்.

ராயல் என்பீல்டு, பிரிட்டனில் ரெடிச் என்ற ஊரில் இருந்த கம்பெனி. 'புல்லட்' என்ற பெயரை அது முதலில் வைத்தது 1932-ம் ஆண்டில். 1950-களின் தொடக்கத்தில், எல்லைக் காவலுக்குத் தோதான மோட்டார் சைக்கிளைத் தேடிய இந்திய ராணுவம் புல்லட்டைத் தேர்ந்தெடுத்தது. 1955-ல் பிரிட்டிஷ் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்சும் கைகோத்து 'என்பீல்டு இந்தியா' கம்பெனியைத் தொடங்கின. பிரிட்டனில் இருந்து பாகங்கள் பெட்டி பெட்டியாக வந்தன. திருவொற்றியூரில் பூட்டினார்கள். பிறகு பாகங்களையும் இங்கேயே செய்யத் தொடங்கினார்கள்.

அன்று திருவொற்றியூர் செங்கல்பட்டு மாவட்டம். 1997-ல் திருவள்ளூர் மாவட்டம் உருவானபோது அதோடு வந்தது. 2011-ல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது.

அதற்குள் பிரிட்டனில் கதை மாறிவிட்டது. ரெடிச் ஆலை 1967-ல் மூடப்பட்டது. 1970-ல் அங்கே என்பீல்டு உற்பத்தியே நின்றது. ஆனால் திருவொற்றியூரில் நிற்கவில்லை. 1977-ல் இங்கிருந்து பிரிட்டனுக்கே புல்லட் கப்பல் ஏறியது. கொல்லன் தெருவில் ஊசி விற்றார்கள். அது விலையும் போனது!

2013-ல் ஒரகடத்தில் புதிய ஆலை வந்தது. பழைய இரும்பு எஞ்சின் 2010 வாக்கிலேயே விடைபெற்றுவிட்டது.

ஏன் வீட்டிலேயே முடியும்?

ஒரே எஞ்சின் வடிவம் அரை நூற்றாண்டுக்கு மேல் பெரிய மாற்றமின்றி ஓடியது. பழைய புல்லட்காரருக்கு இது பெரிய அதிர்ஷ்டம். நார்ட்டன், பி.எஸ்.ஏ., டிரயம்ப் வைத்திருப்பவர் ஒரு சின்ன பாகத்துக்கும் பிரிட்டனுக்கு எழுதிப்போட்டுக் காத்திருக்க வேண்டி வரும். (அந்த நார்ட்டன் கம்பெனியையே 2020-ல் நம்ம ஊர் டி.வி.எஸ். வாங்கிவிட்டது என்பது வேறு கதை!) புல்லட்டுக்கு அந்தக் கவலை இல்லை. பழைய பாகம் என்றால் புதுப்பேட்டை, புது பாகம் என்றால் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு.

எஞ்சினும் எளிமையானது. ஒரே சிலிண்டர், 346 சி.சி. குறுக்களவு 70 மில்லி மீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90 மில்லி மீட்டர். இரண்டு வால்வு, ஒரு கார்புரேட்டர், ஒரு பாயிண்ட் செட். கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது. பொறுமையும் கணக்கும் உள்ளவர் ஒரு வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகளில் இதைப் பிரித்து மாட்டிவிடலாம்.

முதல் வேலை இதுதான்

அந்த ஞாயிற்றுக்கிழமைகளும், வருஷம் முழுக்கச் சேர்த்த போனஸ் பணமும் இரண்டே நம்பர்களை நம்பித்தான் இருக்கின்றன.

ஒன்று பிரேம் நம்பர். ஹேண்டில்பாருக்குக் கீழே, பிரேமின் தலைப்பகுதியில் குத்தியிருப்பார்கள். மற்றொன்று எஞ்சின் நம்பர். அது கிராங்க் கேஸ் மேல் இருக்கும். இரண்டும் ஆர்.சி. புத்தகத்தில் உள்ளபடி, ஓர் இலக்கம் பிசகாமல் இருக்க வேண்டும்.

இங்கேதான் மோசடி ஆசாமிகள் கை வைப்பார்கள். திருட்டு வண்டியின் நம்பரை அரம் போட்டுத் தேய்த்துவிட்டு, காயலான் கடைக்குப் போன வேறொரு வண்டியின் நம்பரை அதே இடத்தில் குத்துவார்கள். அந்த வண்டியின் ஆர்.சி. புத்தகத்தையும் கூடவே கொடுப்பார்கள். மேலே பெயிண்ட் அடித்துவிட்டால் சட்டென்று தெரியாது.

வாங்குகிறவர் என்ன செய்ய வேண்டும்? பெயிண்டைச் சுரண்டிப் பூதக்கண்ணாடியில் பார்க்க வேண்டும். இலக்கங்கள் கோணலாகவோ, ஆழம் கூடக்குறையவோ இருக்கின்றனவா? சுற்றியுள்ள இடம் மட்டும் தேய்ந்து பள்ளமாக இருக்கிறதா? இருந்தால் பேரம் பேசாமல் திரும்பிவிடுவது நல்லது. நம்பர் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுத்து, ஆர்.சி. புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

'தேய்த்தால் யாருக்குத் தெரியும்?' என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு சேதி. நம்பரைக் குத்தும்போது இரும்பு மேலே மட்டும் பள்ளமாவதில்லை. அடியில் உள்ள இரும்பும் நசுங்குகிறது. தடய அறிவியல் நிபுணர்கள் அந்த இடத்தை மெருகேற்றி அமிலம் தடவுவார்கள். நசுங்கிய இரும்பு ஒரு விதமாகவும், நசுங்காத இரும்பு வேறு விதமாகவும் அரிக்கும். தேய்த்து மறைத்த பழைய நம்பர் மெல்ல மேலே வந்துவிடும்!

அப்படி வந்துவிட்டால் வண்டி வழக்குச் சொத்தாகிப் போலீஸ் நிலையத்தில் வெயிலிலும் மழையிலும் நிற்கும். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்கியவருக்கு 3 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. 2024 ஜூலை 1-ந் தேதி அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-வது பிரிவு இதைச் சொல்கிறது. 'பாதி விலைக்குக் கிடைத்ததே, சந்தேகம் வரவில்லையா?' என்று கேட்டால் என்ன பதில் சொல்வது?

ஆர்.டி.ஓ. ஆபீசில்

அடுத்தது காகித வேலை. சொந்த உபயோக வண்டியின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன் பிறகு 5 ஆண்டுக்கு ஒரு முறை, வண்டியை ஆய்வுக்குக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். பழைய புத்தக ஆர்.சி.களில் சில இன்னும் கம்ப்யூட்டரில் ஏறாமல் இருக்கும். அதை முதலில் ஏற்ற வேண்டும். வேறு மாநில வண்டி என்றால் அங்கிருந்து தடையில்லாச் சான்று வேண்டும். விலைக்கு வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்றத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டும்.

தாத்தா வண்டி ஆயிற்றே, யார் கேட்பார்கள் என்று சும்மா இருக்கக் கூடாது. உரிமையாளர் இறந்துவிட்டால் வாரிசு பெயருக்கு மாற்றியாக வேண்டும். வாரிசுகள் பலர் என்றால் மற்றவர்களின் சம்மதமும் தேவைப்படும். சித்தப்பாவும் அத்தையும் முகம் சுளிக்காமல் இருக்கும்போதே கையெழுத்து வாங்கிவிடுவது புத்திசாலித்தனம்!

கிராங்க் கேஸ் உடைந்து வேறு எஞ்சின் போட நேர்ந்தால், ஆர்.டி.ஓ. அனுமதி பெற்று ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். புதுப்பேட்டையில் எஞ்சின் வாங்கும்போது பில்லும், அந்த எஞ்சின் எந்த வண்டியில் இருந்தது என்பதற்கான தாளும் கேட்டு வாங்க வேண்டும்.

50 வருஷத்தைத் தாண்டிய வண்டிகளுக்குத் தனி வழி உண்டு. 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி 'விண்டேஜ்' வாகனமாகப் பதிவு செய்யலாம். நம்பர் பலகையில் மாநில எழுத்துக்கு அடுத்து 'வி.ஏ.' என்று வரும். புதுப் பதிவுக்கு ரூ.20 ஆயிரம், மறுபதிவுக்கு ரூ.5 ஆயிரம் என்று அந்த விதியில் கட்டணம் வைத்தார்கள். பதிவு 10 ஆண்டு செல்லும். ஆனால் அந்த வண்டியில் தினமும் ஆபீசுக்குப் போக முடியாது. கண்காட்சி, பழைய வாகன ஊர்வலம், பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது போன்ற காரியங்களுக்குத்தான் ரோட்டுக்கு வரலாம். தினசரி ஓட்ட ஆசைப்பட்டால் சாதாரணப் பதிவுதான் வழி.

இனி ஸ்பானர் எடுக்கலாம்

நம்பரும் தாளும் சரியா? இனி பிரிக்கலாம். ஒவ்வொரு பாகத்தையும் கழற்றும் முன்பு போனில் படம் பிடித்துக்கொள்ள வேண்டும். நட்டு போல்ட்டுகளைத் தனித்தனி டப்பாவில் போட்டுச் சீட்டு ஒட்ட வேண்டும். மூன்று மாதம் கழித்து 'இது எங்கே இருந்தது?' என்று விழிக்கும்போது அந்தச் சீட்டுதான் காப்பாற்றும்.

பழைய புல்லட்டில் உள்ள மரைகள் பிரிட்டிஷ் அளவு. இன்றைய மில்லி மீட்டர் ஸ்பானர் ஏறக்குறையத்தான் பொருந்தும். வேகமாகத் திருகினால் நட்டின் முனை மழுங்கிவிடும். அந்த அளவுக்கு உரிய ஸ்பானரே வேண்டும். துரு பிடித்து இறுகிய நட்டுக்கு எண்ணெய் விட்டு ஓர் இரவு விட்டுவிடலாம். சம்மட்டி வேண்டாம்.

அம்பத்தூர் தொழிற்பேட்டை 1960-களில் வந்தது. ஆவடியில் டாங்கித் தொழிற்சாலை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் உருக்கு ஆலைகள். உலோக வேலை தெரிந்த கைகள் இந்தப் பக்கத்தில் ஏராளம். சிலிண்டரைக் கடைந்து கொடுக்கவும், கிராங்க் பின் மாற்றிக் கொடுக்கவும் வெகுதூரம் அலைய வேண்டாம். ஆனால் கடைவதற்கு முன்பே பிஸ்டனை வாங்கிக் கையில் கொடுக்க வேண்டும். பிஸ்டனை அளந்துதான் சிலிண்டரைக் கடைய வேண்டும்.

மறக்கக் கூடாத இன்னொன்று ஆயில் பம்ப். அது தேய்ந்திருந்தால் எஞ்சின் தலைக்கு எண்ணெய் ஏறாது. புது பிஸ்டனும் புது புஷ்சும் சீக்கிரமே காலி! எஞ்சினை ஓட்டிப் பார்க்கும் முதல் நாளே, ராக்கருக்குப் போகும் குழாயின் போல்ட்டைச் சற்றுத் தளர்த்தி எண்ணெய் கசிகிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

உயிருக்கு ஆபத்து

காலி பெட்ரோல் டேங்கைக் குண்டு என்றே நினைக்க வேண்டும். பெட்ரோல் தீர்ந்தாலும் ஆவி உள்ளே நிற்கும். ஓட்டை அடைக்கிறேன் என்று அப்படியே வெல்டிங் வைத்தால் வெடித்துவிடும். நன்றாகக் கழுவி, ஆவியை முழுக்க வெளியேற்றிய பிறகு, விவரம் தெரிந்தவரிடம்தான் கொடுக்க வேண்டும். வீட்டில் செய்யும் வேலை அல்ல இது.

இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்து வருகிறது. அது ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரைக் கெடுக்கும். ஆகவே பெட்ரோல் குழாயும் ரப்பர் வளையங்களும் புதிதாக இருக்கட்டும்.

கிக்கர் திருப்பி அடித்தால் கணுக்கால் போய்விடும். சாவியைப் போட்டு, மெதுவாக மிதித்து, கிக்கர் இறுகும் இடத்தில் நிறுத்த வேண்டும். டிகம்ப்ரசரை அழுத்தி, ஆம்பியர் மீட்டர் முள்ளைப் பார்த்துக்கொண்டே சற்றுத் தாண்ட விட வேண்டும். பிறகு டிகம்ப்ரசரை விட்டுவிட்டு ஒரே மிதி. செருப்புக் காலோடு மிதிக்கவே கூடாது.

பழைய புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. புது வண்டி ஓட்டிப் பழகியவர் அவசரத்தில் வலது காலை அழுத்தினால் பிரேக் பிடிக்காது, கியர்தான் மாறும். கால் பழகும் வரை காலி மைதானத்தில் ஓட்ட வேண்டும். ஜி.என்.டி. ரோட்டில் லாரிகளுக்கு நடுவே ஒத்திகை வேண்டாம்.

இன்சூரன்சும் புகைச் சான்றிதழும் இல்லாமல் தெருமுனை வரைகூடப் போகக் கூடாது.

மட்கார்டு நசுங்கினால் நிமிர்த்தலாம். சிலிண்டர் தேய்ந்தால் கடையலாம். டேங்கில் கோடு அழிந்தால் தூரிகை பிடித்து மறுபடி வரையலாம். பிரேம் நம்பர் அழிந்திருந்தால் எந்தப் பட்டறையிலும் அதற்கு மருந்து இல்லை. ஆகவே பேசி முடித்த வண்டியானாலும், நம்பரைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்!