இரண்டு இரவுக் கப்பல்: போகலாமா?

2022 ஜூன் மாதம் 'எம்ப்ரஸ்' சொகுசுக் கப்பல் சென்னைத் துறைமுகத்திலிருந்து முதன்முறை புறப்பட்டபோது, முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் கொடியசைத்து அனுப்பிவைத்தார். கப்பலை இயக்கும் கார்டீலியா நிறுவனம் அப்போது இரண்டு விதமான பயணங்களை அறிவித்தது. விசாகப்பட்டினம், புதுச்சேரி என்று ஐந்து நாள் சுற்றி வருவது ஒன்று. எந்த ஊருக்கும் போகாமல், வங்கக் கடலுக்குள் போய் இரண்டு இரவுகள் இருந்துவிட்டுச் சென்னைக்கே திரும்புவது மற்றொன்று. கொடுக்கிற காசுக்குத் தகுமா என்று பலரும் கேட்பது இந்த இரண்டாவதைப் பற்றித்தான்.

கடலுக்காகப் போகிறவர்களுக்குத் தகும். ஊர் பார்க்க நினைப்பவர்களுக்கு நிச்சயம் தகாது.

இந்தக் கப்பலின் பூர்வீகமே குறும்பயணம்தான். 1990இல் ராயல் கரீபியன் நிறுவனத்துக்காகப் பிரான்சில் கட்டப்பட்டு, 'நார்டிக் எம்ப்ரஸ்' என்ற பெயரில் மயாமியிலிருந்து பஹாமாஸுக்கு மூன்று, நான்கு இரவுப் பயணங்கள் போய்வந்தது. அதற்கென்றே வடிவமைத்தார்கள். நீச்சல் குளம், நாடக அரங்கு, மதுக்கூடம், கேசினோ எல்லாம் 211 மீட்டர் நீளத்துக்குள் அடக்கம். நீண்ட பயணத்தில் மனிதர்கள் படிப்பார்கள், தூங்குவார்கள், சும்மா இருப்பார்கள். இரண்டே நாள் என்றால் எதையும் விட்டுவிடக் கூடாது என்ற பரபரப்பு வந்துவிடும். அந்தப் பரபரப்பில்தான் பணம் கரைகிறது.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முதல் நாள் பகல் முழுக்கப் பாதுகாப்புச் சோதனையிலும் வரிசையிலும் போய்விடும். ஏறியதும் உயிர்காப்புப் பயிற்சி. மாலையில்தான் கப்பல் நகரும். மூன்றாம் நாள் காலையில் அறையைக் காலி செய்யச் சொல்லிவிடுவார்கள். நடுவே முழுசாகக் கைக்குக் கிடைப்பது ஒரே ஒரு பகல். ஆனால் துறைமுகக் கட்டணம், சேவைக் கட்டணம், ஜிஎஸ்டி எதுவும் நாள் குறைவு என்பதற்காக உங்களை விட்டுவிடாது. விளம்பரத்தில் பெரிதாகப் போடும் தொகை பெரும்பாலும் இருவர் தங்கும் அறையில் ஒருவருக்கு உரியது. வழக்கமான சாப்பாடு அதில் சேர்த்தி. மது தனி, இணையம் தனி.

கூடுதல் நாள் எடுத்தால் ஊராவது பார்க்கலாமே என்று தோன்றும். 2022இல் புதுச்சேரியில் என்ன நடந்தது? சூதாட்டம் பற்றிய எதிர்ப்பு கிளம்பியது. அரசு அனுமதி தரவில்லை. பயணிகள் கரையிறங்காமலே திரும்பினார்கள். மறு ஆண்டு இதே கப்பல் இலங்கையின் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறைக்குப் போகத் தொடங்கியது. நல்ல செய்திதான். ஆனால் காங்கேசன்துறையில் இறங்கி, சில மணி நேரத்தில் நல்லூர்க் கோயிலைத் தொட்டுவிட்டுக் கப்பலுக்கு ஓடிவருவது யாழ்ப்பாணத்துக்கு நாம் காட்டும் மரியாதை ஆகாது. அந்த மண்ணைப் பார்க்க வேண்டுமானால், 2023 அக்டோபரில் தொடங்கிய நாகப்பட்டினம் - காங்கேசன்துறை பயணிகள் கப்பல் இருக்கிறது. சுமார் நான்கு மணி நேரத்தில் கொண்டுபோய் விடும். சேவை நடக்கும் மாதங்களை விசாரித்துக்கொண்டு போய், நாலு நாள் தங்குங்கள்.

அப்படியானால் இரண்டு இரவுப் பயணத்தில் என்னதான் இருக்கிறது? கரை கண்ணுக்குத் தெரியாத கடல் இருக்கிறது. ரஜுலா, சிதம்பரம் கப்பல்களில் நம்மவர்கள் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போன காலத்தில் அதைக் கண்டவர்கள் அநேகர். விமானம் வந்தபின் மெரினாவில் நின்று பார்ப்பதோடு நம் கடல் முடிந்துவிட்டது. நாலாபுறமும் தண்ணீர் மட்டுமே சூழ, மேல்தளத்தில் நின்று சூரிய உதயம் பார்ப்பதற்கு ஈடு எதுவும் கிடையாது. நான் பணம் கொடுப்பது அந்த விடியலுக்குத்தான். இரவெல்லாம் ஆட்டம் பாட்டத்தில் கழித்துவிட்டுக் காலையில் தூங்குகிறவர்கள் அதை இழக்கிறார்கள் என்பதில் எனக்கு உண்மையாகவே வருத்தம்.

இன்னொரு பயன், சோதித்துப் பார்ப்பது. அலை ஒத்துக்கொள்ளாத உடம்பு என்றால் ஏழு நாள் பயணத்தில் சிக்கித் தவிப்பதைவிட இரண்டு நாளில் தெரிந்துகொள்வது நல்லது. கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் அறை கேளுங்கள். ஆட்டம் அங்கேதான் குறைவு. குமட்டல் மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு, கப்பல் கிளம்புவதற்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் வங்கக் கடல் பக்கம் போக வேண்டாம். இளைஞர்களுக்கு ஜன்னல் இல்லாத உள்ளறையே போதும், இருக்கும் நேரமெல்லாம் வெளியில்தானே. பெரியவர்களுக்கு மட்டும் ஜன்னல் அறை எடுத்துக் கொடுங்கள்.

உண்மையில் இந்தப் பயணம் அதிகம் பொருந்துவது அவர்களுக்குத்தான். ரயில் மாறுவது, மலைப்படி ஏறுவது, தினமும் பெட்டி கட்டுவது என்று எதுவும் இல்லை. லிஃப்ட் இருக்கிறது; சைவச் சாப்பாடு தாராளமாகக் கிடைக்கும்; கால் வலித்தால் நாற்காலியில் உட்கார்ந்தபடியே கடலைப் பார்க்கலாம். ஏற்கெனவே ஒருமுறை போய்வந்தவர்கள் இரண்டாம் முறை இதே பயணத்துக்குப் பணம் கட்ட வேண்டாம். அந்தத் தொகையில், இதுவரை கப்பலே ஏறாத உங்கள் அப்பா அம்மாவை அனுப்பிவையுங்கள். முடிந்தால் கூடவே போங்கள்.