முதல் பத்து மணி நேரம்

பொதிகை மலையில் பிறந்து வரும் தாமிரபரணி, மன்னார் வளைகுடாவில் கடலோடு கலக்கிற இடம் புன்னக்காயல். தூத்துக்குடிக்குத் தெற்கே உள்ள இந்த ஊரில் பாய் விரித்து, காற்றை நம்பிக் கடலுக்குப் போன காலம் மலையேறிவிட்டது. இப்போது நாட்டுப் படகின் பின்புறம் அவுட்போர்டு மோட்டார்தான்.

மீனவர் வீட்டுக்குப் புது எஞ்சின் வருகிறது என்றால் சும்மாவா? கழுத்தில் கிடந்தது அடகுக் கடைக்குப் போயிருக்கும். சீட்டுப் பணம் எடுத்திருப்பார்கள். வட்டிக்கும் வாங்கியிருப்பார்கள். மாலை போட்டுப் படகில் மாட்டியதும், "என்ன வேகம் போகுதுன்னு பாத்துருவோம்!" என்று இளவட்டங்கள் கைப்பிடியை முழுக்கத் திருகிவிடுவதுண்டு. ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

"இது ஆம்பளைங்க சமாச்சாரம், நமக்கு எதுக்கு?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், சகோதரிகளே. உங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்கும் புது ஸ்கூட்டருக்கும் காருக்கும் இதே கதைதான். கடன் அடையும் முன்பே எஞ்சின் கெட்டால், பிடி விழுவது நம் வீட்டுச் செலவில் அல்லவா?

தோசைக்கல் சொல்லும் பாடம்

புது இரும்புத் தோசைக்கல்லை வாங்கி வந்த அன்றே தோசை வார்க்கிறோமா? எண்ணெய் தடவி, சிறு தீயில் காயவைத்து, வெங்காயம் தேய்த்து, நாலு நாள் பழக்குகிறோம். எஞ்சினையும் அப்படித்தான் பழக்க வேண்டும். அதற்கு 'ரன்னிங் இன்' என்று பெயர்.

எஞ்சினுக்குள் சிலிண்டர் என்ற குழல் இருக்கிறது. அதில் பிஸ்டன் மேலும் கீழும் ஓடுகிறது. பிஸ்டனைச் சுற்றி வளையல் மாதிரி ரிங்குகள். சிலிண்டரின் உள்சுவரில், கண்ணுக்குச் சரியாகத் தெரியாத மெல்லிய குறுக்குக் கீறல்களைத் தொழிற்சாலையிலேயே போட்டு அனுப்புகிறார்கள். ஆயில் அதில் தங்கி நிற்கும். முதல் சில மணி நேரத்தில் ரிங்கும் சுவரும் ஒன்றோடொன்று உரசி, மேடு தேய்ந்து, கச்சிதமாகப் பொருந்துகின்றன. நன்றாகப் பொருந்தினால் வெடிக்கும் வாயு கசியாது, இழுவை கிடைக்கும், ஆயிலும் வீணாகாது.

எடுத்த எடுப்பில் முழு வேகம் கொடுத்தால் சூடு ஏறி, ஆயில் படலம் அறுந்து, சுவரில் கோடு விழுந்துவிடும். அதற்காகப் பயந்துகொண்டு மெதுவாகவே ஓட்டினாலும் தப்புதான்! ரிங்குகள் சுவரோடு அழுந்தாமல், சுவர் கண்ணாடி போல வழவழப்பாகிவிடும். அப்புறம் ஆயில் எரிந்து புகை கக்கும். இரண்டுக்கும் பரிகாரம் ஒன்றே: எஞ்சினைப் பிரித்துச் சுவரை மறுபடி தீட்ட வேண்டும். எத்தனை செலவு!

கணக்கு இதுதான்

அவுட்போர்டு மோட்டாருக்குப் பொதுவாகப் பத்து மணி நேரம் போதும். முதல் ஒரு மணி நேரம் பாதி வேகத்துக்கு மேல் வேண்டாம். அதிலும் வேகத்தைக் கூட்டிக் குறைத்து ஓட்ட வேண்டும். இரண்டாவது மணி நேரம் முக்கால் வேகம் வரை போகலாம். மீதி எட்டு மணி நேரத்தில் எந்த வேகமும் சரி. ஆனால் முழு வேகத்தில் தொடர்ந்து ஐந்து நிமிடத்துக்கு மேல் கூடாது. அந்த நாட்களில் படகில் பாரமும் குறைவாக இருக்கட்டும்.

எரிபொருளில் ஆயில் கலந்து ஊற்றும் டூ ஸ்ட்ரோக் மோட்டார் என்றால், பழக்கும் காலத்தில் பலவற்றுக்கும் 25 பங்குக்கு 1 பங்கு ஆயில். அதாவது 5 லிட்டருக்கு 200 மில்லி. பிறகு 100 மில்லி போதும். மோட்டாருக்கு மோட்டார் இது மாறும். கம்பெனிப் புத்தகத்தில் இருப்பதே முடிவு. ஃபோர் ஸ்ட்ரோக் ஆனால் முதல் ஆயிலைச் சீக்கிரமே மாற்ற வேண்டும். தேய்ந்த இரும்புத் துகள் அதில்தான் சேர்ந்திருக்கும்.

பைக்குக்கும் காருக்கும் கணக்கு கிலோமீட்டரில். பல ஸ்கூட்டர்களுக்கு முதல் சர்வீஸ் 500 முதல் 1000 கிலோமீட்டருக்குள் வரும். அம்பாசடர் ஓடிய நாளில் புதுக் காரின் பின் கண்ணாடியில் 'ரன்னிங் இன்' என்று எழுதி ஒட்டியிருப்பார்கள். இன்று கோடி ரூபாய்க்கு விற்கும் அதிவேகக் கார்களுக்கும், முதல் ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் அடக்கி ஓட்டும்படி கம்பெனிக்காரர்களே சொல்கிறார்கள்.

இல்லத்தரசி செய்யக்கூடியவை

1. சுவரில் தொங்கும் காலண்டரில் தினமும் ஓடிய நேரத்தைக் குறித்து வையுங்கள். "என்னங்க, இன்னிக்கு எத்தனை மணி நேரம் ஓடுச்சு?" என்று கேட்டால் கோபிக்க மாட்டார், நாலு நாளில் அவரே சொல்வார்.

2. வாரண்டி அட்டை, பில், சர்வீஸ் ரசீது மூன்றையும் ரேஷன் கார்டு இருக்கும் இடத்திலேயே வையுங்கள்.

3. கடலிலிருந்து வந்த மோட்டாரை நல்ல தண்ணீர் நிரம்பிய டிரம்மில் இறக்கிப் பத்து நிமிடம் ஓடவிட வேண்டும். இல்லாவிட்டால் உப்பும் மணலும் உள்ளே தங்கி, தண்ணீர் ஓடும் வழியை அடைக்கும். இதைத் திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும். மூடிய அறையில் எஞ்சின் புகை ஆளைக் கொல்லும்.

4. மண்ணெண்ணெய், பெட்ரோலைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கவே கூடாது. குழந்தை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

5. கையில் ஒட்டிய ஆயில் கறைக்குப் பெட்ரோல் வேண்டாம், தோல் வெடிக்கும். தேங்காய் எண்ணெய் தேய்த்துத் துடைத்து, சோப்புப் போட்டுக் கழுவினால் போதும்.

ஆற்று முகத்துவாரத்தில் மண் மேடிட்டு, அலை மடங்கி அடிக்கும்போது எஞ்சின் பாதியில் நின்றால் படகு அலைக்குக் குறுக்கே திரும்பிவிடும். அந்த நேரத்தில் நஷ்டம் பணத்தோடு நிற்காது, உயிருக்கே ஆபத்து. புது எஞ்சின் மாட்டிய நாளில் வேகம் பார்க்கத் துடிப்பவர்களிடம், "பத்து மணி நேரம் பொறுங்களேன்" என்று சொல்ல வீட்டில் ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் நீங்களாக இருங்கள்.