ஓட்டக்காரரின் ஆகாரம்

உத்திரமேரூர் வட்டாரத்தில் கேழ்வரகுக் களியை உண்டு வயலில் உழைப்போருக்கும், மக்காச்சோள மாவைக் கிண்டிய உகாலியைப் பிரதான ஆகாரமாகக் கொண்டு உலக நெடுந்தூர ஓட்டங்களில் வாகை சூடும் கென்ய வீரர்களுக்கும் போஜன முறையில் ஓர் ஒற்றுமை உண்டு. மாவுச்சத்தே இரு சாராருக்கும் ஆதாரம். 2017-ஆம் ஆண்டு புவனேசுவரத்தில் ஆசிய சாம்பியனான புதுக்கோட்டை லட்சுமணன் ஓடிய 10,000 மீட்டருக்குத் தசைகளிலும் ஈரலிலும் முன்னரே சேர்ந்திருக்கும் சர்க்கரைச் சத்து போதுமாயினும், 42 கிலோமீட்டருக்கும் அதிகமான மாரத்தானில், ஏறத்தாழ 30 கிலோமீட்டரைக் கடந்த தறுவாயில் அச்சேமிப்பு வற்றிவிடுமானால், எத்தகைய வீரனின் கால்களும் தளர்ந்துபோகும். இரும்புச்சத்துக் குறைந்தாலோ, விசேஷமாகப் பெண்களுக்கு, இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் சக்தியே குன்றுகிறது. சாப்பாட்டோடு தேநீர் அருந்தும் நம் வழக்கம் அந்தச் சத்தை உடல் கிரகிப்பதற்குத் தடை என்பதையும் இடையே சொல்லிவைக்கலாம்.

ஓட்டத்துக்கு ஆகாரம் இவ்வாறு ஆதாரமாயினும், ஓட்டக்காரரின் ஆயுள் விஷயம் வேறு. நான்கு நிமிஷத்துக்குள் ஒரு மைல் ஓடிய முதல் 200 பேர், எதிர்பார்க்கப்பட்ட ஆயுளைவிடச் சராசரியாக ஏறக்குறைய 5 ஆண்டுகள் அதிகம் வாழ்ந்தனர் என்று 2024-இல் வெளியான ஓர் ஆய்வு கூறுகிறது. அதில் ஆகாரத்தின் பங்கு எவ்வளவு, பயிற்சியின் பங்கு எவ்வளவு, வம்சத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்துரைப்பது அரிது.