சிறு பாதங்கள் பற்றும் கொம்பு



நகரத்தில் நம் குடும்பங்கள் வாழும் வீடுகள் சிறியவை. மும்பையில் பத்துக்குப் பத்து அறையாக இருக்கலாம். பெங்களூரில் இரண்டாம் மாடி வாடகை வீடாக இருக்கலாம். தில்லியில் நெருக்கமான குடியிருப்பாக இருக்கலாம். ஆடும் மாடும் கோழியும் ஊரோடு நின்றுவிட்டன. ஆகவே ஓர் உயிரை வளர்க்கவேண்டும் என்று பிள்ளைகள் ஆசைப்படும்போது, பெற்றோர் பெரும்பாலும் ஒரு கூண்டையும் இரண்டு சிறு பறவைகளையும் வாங்கி வந்து பால்கனியில் தொங்கவிடுகிறார்கள்.

தினை வாங்குகிறோம், தண்ணீர்க் கிண்ணம் வாங்குகிறோம், பெயரும் சூட்டுகிறோம். ஆனால் அந்தப் பறவை எதன்மேல் நிற்கிறது என்று எத்தனை பேர் கவனித்திருக்கிறோம்? கூண்டோடு வந்த இரண்டு பிளாஸ்டிக் குச்சிகள் அப்படியே இருக்கும். நாம் எட்டு மணி நேரம் நின்று வேலை செய்தால் இரவில் படுத்துக் காலை நீட்டுகிறோம். பறவைக்குப் படுக்கை இல்லை. பகலில் நிற்பதும் இரவில் உறங்குவதும் அந்தக் குச்சியின் மேல்தான். அதற்குத் தரையும் அதுவே, கட்டிலும் அதுவே. ஓயாமல் கொறிக்கும் அலகுக்கு அகப்படுவதும் அதுவே. ஆகையால் அது எந்த மரமாக இருக்கவேண்டும் என்பது அழகைப் பற்றிய கேள்வி அன்று. ஆரோக்கியத்தைப் பற்றியது, சில வேளைகளில் உயிரையே பற்றியது.

முதலாவது ஒரு காரியத்தைத் தெளிவாக்கிக்கொள்வோம். நம் ஊர்ப் பச்சைக்கிளி, மலை மைனா, சில்லைக் குருவி முதலிய இந்நாட்டுக் காட்டுப் பறவைகளைப் பிடிப்பதும் விற்பதும் கூண்டில் வைப்பதும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும். சந்தையில் யாரேனும் மறைவாகக் கொண்டுவந்து கொடுத்தாலும் வாங்கலாகாது. நாம் இங்கே பேசுவது, நம் வீடுகளில் ‘லவ் பேர்ட்ஸ்’ என்று அழைக்கப்படும் பட்ஜி, கொண்டையுள்ள காக்டீல் போன்ற, கூண்டிலேயே பிறந்து பெருகிய வெளிநாட்டுப் பறவைகளைக் குறித்தே.

ஒரே பருமன் ஏன் ஆகாது?

உங்கள் பட்ஜியின் பாதத்தைச் சற்று உற்றுப் பாருங்கள். இரண்டு விரல்கள் முன்னும் இரண்டு விரல்கள் பின்னும் அமைந்திருக்கும். கிளி இனம் முழுவதற்கும் பாதம் இப்படியே. கிளையைச் சுற்றிப் பற்றுவதற்கென்றே அமைந்த பாதம் அது. ஆஸ்திரேலியாவின் வறண்ட சமவெளிகளில் கூட்டமாய்ப் பறந்து திரியும் பட்ஜி, ஒருபோதும் ஒரே கிளையில் நாள் முழுதும் நிற்பதில்லை. ஒரு கிளை தடித்தது, மற்றொன்று மெல்லியது. ஒன்று சாய்ந்தது, ஒன்று முடிச்சுள்ளது. ஒவ்வொரு முறை இடம் மாறும்போதும் பாதத்தின் வேறொரு பகுதி பாரத்தைத் தாங்குகிறது.

வழுவழுப்பான, ஒரே பருமனுள்ள குச்சியிலோ அதே இடமே நாள்தோறும், மாதந்தோறும் அழுந்துகிறது. முதலில் உள்ளங்கால் சிவக்கும். அங்குள்ள சிறு செதில் வரிகள் மறைந்து தோல் மினுமினுக்கும். பின்பு வீங்கிப் புண்ணாகும். ‘பம்பிள்ஃபுட்’ என்று மருத்துவர்கள் அழைக்கும் இந்தப் பாதப்புண் முற்றினால் கிருமி எலும்புவரை இறங்கக்கூடும். நகம் தேயட்டும் என்று சிலர் குச்சியின்மேல் உப்புத்தாள் உறையை மாட்டுகிறார்கள். அது நகத்தைத் தேய்ப்பதைவிட உள்ளங்காலையே அதிகம் உராய்கிறது. அதைத் தவிர்த்துவிடுங்கள்.

அளவு எவ்வளவு? பறவை கொம்பைப் பற்றும்போது விரல்கள் சுற்றளவில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைத் தழுவவேண்டும். முன் விரலும் பின் விரலும் ஒன்றையொன்று தொட்டால் கொம்பு மெல்லியது. பாதம் தட்டையாக விரிந்து நின்றால் தடித்தது. பட்ஜிக்கு 1 முதல் 2 சென்டிமீட்டர் பருமனும், காக்டீலுக்கு ஒன்றரை முதல் இரண்டரை சென்டிமீட்டர் பருமனும் பொருந்தும். ஒரே அளவில் மூன்று வேண்டாம். வெவ்வேறு பருமனில் மூன்று வையுங்கள்.

நம்பத்தக்க மரங்கள்

இயற்கைக் கிளைக்கு அலைய வேண்டியதில்லை. நமக்குத் தெரிந்த மரங்களே போதும்.

1. கொய்யா: உறுதியானது, எளிதில் முறியாது. கவைகளும் வளைவுகளும் தானாகவே அமைந்திருக்கும். கேட்டால் கொடுக்கும் அண்டை வீடு எந்த நகரத்திலும் ஒன்றாவது இருக்கும்.

2. வேம்பு: இந்தியாவில் பறவை வளர்ப்போர் பலரும் முதலாவது தேடுவது இதையே. பட்டை சொரசொரப்பானது, பாதத்துக்கு நல்ல பிடிப்பைத் தரும்.

3. தைல மரமாகிய யூகலிப்டஸ்: இது பட்ஜியின் தாய்நாட்டு மரம். அந்நாட்டில் பட்ஜி கூடு வைப்பதே பெரும்பாலும் இதன் பொந்துகளில்தான். நீலகிரியிலும் கர்நாடகத்திலும் ஏராளமாய் வளர்கிறது.

4. சவுக்கு: நம் கடற்கரை ஊர்களில் தோப்புத் தோப்பாய் நிற்கும் மரம். புதிதாய் வெட்டிய கிளை நல்லது. கட்டடச் சாரத்துக்குப் பயன்பட்ட கம்பு வேண்டாம். அதில் சிமெண்டும் பெயிண்டும் ஏறியிருக்கும்.

5. முருங்கை: மென்மையானது, சீக்கிரம் முறியும். ஆகவே நிற்பதற்கு முதன்மையான கொம்பாக வேண்டாம். கொறித்துத் தள்ளுவதற்கு வையுங்கள். மகிழ்ச்சியோடு உரித்துப் போடும்.

6. காபிச் செடி: கடைகளில் ‘ஜாவா வுட்’ என்று அதிக விலைக்கு விற்கப்படும் கொம்புகள் பழைய காபிச் செடியின் தண்டுகளே. குடகு, சிக்கமகளூரு பக்கம் உறவினர் இருந்தால் கவாத்துக் காலத்தில் கேட்டு வாங்கலாம். ஆனால் காபித் தோட்டங்களில் இலைத்துரு நோய்க்காகத் துத்தக் கலவை தெளிப்பது வழக்கம். ஆதலால் தெளிக்காத செடியாகப் பார்த்து வாங்குவதே நல்லது. காபிக் கொட்டையிலுள்ள காபீன் பறவைக்கு நஞ்சு. காயோ பழமோ கிளையில் ஒட்டியிருக்கலாகாது.

மூங்கிலில் நஞ்சு இல்லை, ஆனால் வழுக்கும். கணுக்கள் நெருங்கிய துண்டாக இருந்தால் ஒன்றை வைக்கலாம்.

விலக்கவேண்டிய மரங்கள்

பிரியமானவர்களே, இந்தப் பகுதியை மிகவும் கவனமாய் வாசியுங்கள். பட்ஜியின் எடை ஏறக்குறைய 30 முதல் 40 கிராம். நமக்கு ஒன்றும் செய்யாத அளவு நஞ்சு, அந்தச் சிறு உடலைச் சாய்த்துவிடும்.

அரளி முதலாவது நிற்கிறது. செவ்வரளி, வெள்ளரளி, மஞ்சள் அரளி ஆகிய எல்லாமே இலை முதல் வேர்வரை இருதயத்தைத் தாக்கும் நஞ்சுள்ளவை. நெடுஞ்சாலைகளின் நடுத்திட்டுகளிலும் குடியிருப்புகளின் வேலியோரத்திலும் அரளி செழித்து நிற்கிறது. நேராகவும் வழவழப்பாகவும் இருப்பதால் அதன் தண்டு கண்ணைக் கவரும். தொடாதேயுங்கள்.

இரண்டாவது, வெண்ணெய்ப்பழ மரம். பெங்களூர் வாசிகள் ‘பட்டர் ஃப்ரூட்’ என்று வீட்டுத் தோட்டத்தில் ஆசையாய் வளர்க்கிறார்கள். அதன் இலை, பட்டை, பழம் ஆகியவற்றிலுள்ள பெர்சின் என்னும் பொருள் சிறு பறவைகளின் இருதயத்தைக் கெடுக்கும். கிளையும் வேண்டாம், நாம் உண்ணும் பழத்தில் ஒரு துண்டும் வேண்டாம்.

மூன்றாவது, பால் வடியும் செடிகளும் மரங்களும். கள்ளி வகைகள், எருக்கு, தில்லியின் சாலையோரங்களில் நிரையாக நடப்பட்டிருக்கும் ஏழிலைப்பாலை ஆகியவை இதில் அடங்கும். ஏழிலைப்பாலை அரளியின் குடும்பத்தைச் சேர்ந்தது. பால் வடியும் மரங்கள் யாவும் நஞ்சல்ல; ஆயினும் பிரித்தறியத் தெரியாத நமக்கு, ‘பால் வடிந்தால் வேண்டாம்’ என்பதே பாதுகாப்பான விதி. ஊமத்தையையும் ஆமணக்கையும் அவ்வாறே விலக்குங்கள்.

மாமரம் ஆகுமா என்று சிலர் கேட்பதுண்டு. மாங்காய்ப் பால் பட்டால் நம் தோலே வெந்துபோகிறது அல்லவா? நன்றாய்க் காய்ந்த மாங்கட்டையைப் பயன்படுத்துவோர் உண்டு. ஆனால் கொய்யாவும் வேம்பும் கிடைக்கும்போது பச்சை மாங்கிளையை நாடவேண்டிய அவசியம் என்ன?

“காகமும் குயிலும் அந்த மரத்தில் உட்காருகின்றனவே” என்று ஒருவர் சொல்லலாம். அவை உட்கார்ந்து பறந்துபோகின்றன. கூண்டுப் பறவையோ வேறு போக்கில்லாமல் இரவும் பகலும் அதே பட்டையைக் கொறிக்கிறது. ஆகையால் வெளிப்பறவை அமர்வது சான்று ஆகாது. மரத்தின் பெயர் உறுதியாய்த் தெரியாவிட்டால் கிளையை எடுக்காதிருப்பதே நல்லது.

நல்ல மரத்திலும் கெட்ட கிளை உண்டு

மரம் நல்லதாயிருந்தால் மட்டும் போதாது. அது நின்ற இடத்தையும் விசாரிக்கவேண்டும். வண்டிகள் ஓயாத சாலையோரத்துக் கிளையில் புகைக்கரி படிந்திருக்கும். வீட்டுத் தோட்டமாயினும் பூச்சிமருந்து தெளித்தார்களா என்று உரிமையாளரைக் கேளுங்கள். தெளித்திருந்தால் நன்றி சொல்லி வேறிடம் பாருங்கள். பூஞ்சை பிடித்த, பூச்சி துளைத்த, உளுத்த கிளைகளும் ஆகா.

சாலை மரத்தில் நீங்களாகவே அரிவாள் வைக்கவும் கூடாது. மும்பையில் 1975-ஆம் ஆண்டின் மகாராஷ்டிர நகர்ப்புற மரப் பாதுகாப்புச் சட்டமும், கர்நாடகத்தில் 1976-ஆம் ஆண்டின் சட்டமும், தில்லியில் 1994-ஆம் ஆண்டின் சட்டமும் மரங்களைக் காக்கின்றன. மழைக்காலத்துக்கு முன் மாநகராட்சி ஊழியர் கிளைகளைக் கழிக்கும்போது, அமைதியான உட்தெருவில் கழித்த ஒரு வேப்பங்கிளையைக் கேட்டு வாங்குவது எளிது.

தச்சுப் பட்டறையில் மிஞ்சும் துண்டுகளைக் குறித்தும் எச்சரிக்கிறேன். பிளைவுட்டில் பசையும் இரசாயனமும் இருக்கின்றன. வார்னிஷ் அடித்த மரமும் ஆகாது. தொழிற்சாலையில் வேலைசெய்யும் சகோதரர்கள் சரக்குப் பெட்டியின் மரத்தை வீட்டுக்குக் கொண்டுவருவதுண்டு. ஏற்றுமதிச் சரக்கு மரத்தில் முத்திரை இருக்கும். அதில் ‘எம்.பி.’ என்னும் ஆங்கில எழுத்துகள் இருந்தால் மெதில் புரோமைடு என்னும் நச்சுப்புகை ஊட்டப்பட்டது என்று பொருள். ‘எச்.டி.’ என்றிருந்தால் வெப்பத்தால் மட்டும் பதப்படுத்தப்பட்டது; ஆயினும் வழியில் எந்த மருந்து அதன்மேல் சிந்தியதென்று யார் அறிவார்? விட்டுவிடுங்கள்.

ஆயத்தம் செய்யும் முறை

கிளையை வெட்டியவுடன் இலைகளையும் முட்களையும் நீக்குங்கள். புறாக்களின் எச்சம் படாத கிளை நகரத்தில் அரிது. அதன்மூலம் நோய் வரக்கூடும். ஆகவே கெட்டித் தூரிகையால் ஓடும் நீரில் நன்றாய்த் தேய்த்துக் கழுவுங்கள், சோப்பு வேண்டியதில்லை. பின்பு கொதிக்கும் நீரை எல்லாப் பக்கமும் படும்படி ஊற்றுங்கள்.

அதன்பின் ஒரு வாரம் கடும் வெயிலில் திருப்பித் திருப்பிக் காயவிடுங்கள். மும்பை மழைக்காலத்தில் இதைத் தொடங்காதிருங்கள். ஈரம் உள்ளே நின்று பூஞ்சை பிடிக்கும், பூஞ்சை பறவையின் மூச்சுப்பையைக் கெடுக்கும். மே மாதத்திலேயே இரண்டு மூன்று கொம்புகளைக் காயவைத்துச் சேமித்துக்கொள்வது விவேகம். பட்டையை உரிக்கத் தேவையில்லை. அது பாதத்துக்குப் பிடிப்பு, அலகுக்கு வேலை.

பொருத்துவதும் காப்பதும்

துத்தநாகம் பூசிய கம்பியால் கட்டாதேயுங்கள். பறவை அதைக் கடித்தால் துத்தநாகம் உடலில் ஏறி நஞ்சாகும். நூலும் சணலும் விரலில் சுற்றி இரத்த ஓட்டத்தை நிறுத்திவிடும். துருப்பிடிக்காத எஃகு போல்ட்டும் நட்டும் போதும். அல்லது கொம்பின் இரு முனையிலும் காடி வெட்டிக் கம்பிகளுக்கிடையே இறுக்கி நிறுத்தலாம். அசையாதிருப்பது முக்கியம்.

உயரமான இடத்தில் ஒன்று வையுங்கள். பறவை அங்கேதான் உறங்கும். தண்ணீருக்கும் தீனிக்கும் நேர்மேலே வைக்காதேயுங்கள். எச்சம் அதில் விழும். வால் கம்பியில் உராயாதபடி இடைவெளி விடுங்கள். கூண்டை நிரப்பிவிடவும் வேண்டாம். சிறகு விரிக்க இடம் வேண்டுமே. புதுக் கொம்பைக் கண்டு பறவை ஓரிரு நாள் அஞ்சும். பழைய குச்சியை உடனே எடுக்காமல், பழகியபின் எடுங்கள்.

வாரம் ஒருமுறை எச்சத்தைச் சுரண்டிக் கழுவி, உலர்த்தி மாட்டுங்கள். பிளவுபட்டாலோ எச்சம் ஊறிப்போனாலோ மாற்றிவிடுங்கள். அவ்வாறு கழுவும் நாளில் பறவையின் உள்ளங்காலையும் பாருங்கள். ஒற்றைக் காலில் உறங்குவது அதன் இயல்பு. ஆனால் விழித்திருக்கும்போதும் ஒரு காலையே மாறாமல் தூக்கி வைத்திருந்தாலோ, சிவப்போ வீக்கமோ கண்டாலோ தாமதிக்காதேயுங்கள். பறவைகள் தங்கள் நோயை முற்றும்வரை மறைக்கும் தன்மையுள்ளவை. நமக்கு எழுதித்தந்த மருந்தைத் தடவாமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். மும்பைக்குப் பரேலில் பழமையான விலங்கு மருத்துவமனை உண்டு. பெங்களூரில் ஹெப்பாள் கால்நடை மருத்துவக் கல்லூரி உண்டு.

அன்பானவர்களே, மரத்தைத் தெரிந்துகொள்ளும் உரிமை வெளியில் பறக்கும் பறவைக்கு உண்டு. கூண்டிலிருக்கும் பறவைக்காக அதை நாம்தான் தெரிந்துகொடுக்கவேண்டும். இந்தச் சனிக்கிழமை உங்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு, தெரிந்தவர் வீட்டுக் கொய்யா மரத்தடிக்குச் செல்லுங்கள். எது ஆகும், எது ஆகாது என்று சொல்லிக்கொடுங்கள். நகரத்தில் பிறந்த பிள்ளைகள் நான்கு மரங்களின் பெயரை அறிவார்கள். நம் கையை நம்பியிருக்கும் ஒரு சிறு ஜீவனுக்குப் பொறுப்பாளியாயிருப்பது என்னவென்பதையும் அறிவார்கள்.