தெருவுக்குள் வந்த தண்ணீர்

1896-இல் பம்பாயைப் பிளேக் நோய் வாட்டியது. அதன் விளைவாக 1898-இல் நகர அபிவிருத்தி டிரஸ்ட் தோன்றிற்று. நம்மவர் பெருமையோடு வாழும் மாதுங்கா, அந்த டிரஸ்டின் தாதர்–மாதுங்கா திட்டத்தில் உருவானதே. அங்கே மனை வகுத்துச் சாலையும் சாக்கடையும் அமைத்த பின்னரே குடிகள் பெருகின.

தாராவியிலோ முறை தலைகீழ். மக்கள் முந்தினர், குழாய் பிந்திற்று. குடிசைப் பகுதிகளில் நீரும் விளக்கும் அமைக்க 1971-ஆம் ஆண்டு மகாராஷ்டிரச் சட்டம் வழி வகுத்தது. 2014 டிசம்பரில் மும்பை உயர்நீதிமன்றம், குடியிருப்பு சட்டப்படி அமையாததாயினும் குடிநீர் உயிர்வாழும் உரிமையைச் சார்ந்ததே எனத் தீர்ப்பளித்தது.

ஆயினும் உரிமை தானே குழாயில் வழியாது. மின்சாரத்துக்கு வீட்டுக்கொரு மீட்டர் உண்டு. தண்ணீர் இணைப்போ குடிசைப் பகுதிகளில் பெரும்பாலும் பல குடும்பங்கள் கூடிய குழுவுக்கே கிடைக்கிறது. குழுவுக்கு ஒரு செயலாளர். பில் அவர் கைக்கு வரும். சிலர் பங்கு செலுத்தத் தவறினால், செலுத்தியவர் குடமும் காலியாகலாம்.

ஆதலின் அன்பர்களே, மாதந்தோறும் கணக்கை எல்லோர் முன்னும் படியுங்கள், ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள், செயலாளர் பொறுப்பை முறைவைத்து ஏற்றுக்கொள்ளுங்கள். மாதுங்காவுக்கு ஒரு டிரஸ்ட் செய்ததை, நம் சந்துகளுக்கு நாமே கூடிச் செய்ய வேண்டியிருக்கிறது.